ராட்சபுரியில் ஒரு கல்யாணம், எங்கள் ஊரில் ஒரு தெரு

எங்கள் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் மூன்று கேள்விகள் வரும். "எந்த ஊரு?" என்பது முதல் கேள்வி. ஊர்ப் பெயரைச் சொன்னால், "ஊருல எந்தப் பக்கம்?" என்று அடுத்தது. அதற்கு மழுப்பினால், "யாரு வீடு?" என்று மூன்றாவது. காரைக்குடி பஸ் ஸ்டாண்டிலும், தேவகோட்டை டீக்கடையிலும், அரசு அலுவலக வராந்தாக்களிலும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லியே வளர்ந்தவள் நான். மூன்றாவது பதிலுக்குப் பிறகு எதிரில் இருப்பவரின் குரல் மாறும். "வாங்க" என்றவர் "வா" என்பார். சிலர் எதுவும் சொல்ல மாட்டார்கள், நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள்.

2019 நவம்பரில் தாய்லாந்தில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு நாள் முழுக்க முதல் கேள்வியை மட்டும்தான் கேட்டார்கள். "இந்தியா" என்றேன். அதோடு முடிந்தது.

அந்த ஒரு நாளைப் பற்றி இத்தனை வருடம் கழித்து எழுதக் காரணம் உண்டு. சமீபத்தில் ஒரு மாணவர் பயிற்சி முகாமில் ஒரு தம்பி என்னிடம், "அக்கா, பேசாம வெளிநாடு போயிடணும். அங்க யாருக்கும் நம்ம சாதி தெரியாது" என்றான். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஒரு நாள் அப்படி இருந்து பார்த்தவள்தான். அது எப்படி இருந்தது என்பதை அவனுக்காகவே எழுதுகிறேன்.

பாங்காக்கில் மூன்று வாரப் பயிற்சி ஒன்றுக்காகப் போயிருந்தேன். புலம்பெயர்ந்த தொழிலாளர்களோடு வேலை செய்பவர்களுக்கான பயிற்சி. அறைத்தோழி ஒரு தாய்லாந்துப் பெண். என்னைவிட நான்கு வயது இளையவள். முதல் நாளே என்னை "பீ" என்று கூப்பிட ஆரம்பித்தாள். தாய் மொழியில் மூத்தவர்களை, அண்ணன் என்றாலும் அக்கா என்றாலும், "பீ" என்பார்கள். இளையவர்கள் "நோங்". கடைக்காரர், ஆட்டோ ஓட்டுநர், முன்பின் தெரியாதவர் எல்லோரும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடுவார்கள். எங்கள் ஊரில் அறுபது வயது தாண்டிய என் அப்பாவைப் பத்து வயதுப் பையன் பேர் சொல்லிக் கூப்பிடுவான், அப்பா அவனை "தம்பி" என்றுகூடச் சொல்ல முடியாது. அதனால் அவள் "பீ" என்று சொன்னபோதெல்லாம் ஒரு நொடி தாமதமாகத்தான் திரும்பிப் பார்த்தேன்.

பயிற்சி முடிந்த வாரக் கடைசியில் அவளுக்குக் கல்யாணம். நான் கட்டாயம் வர வேண்டும் என்றாள். அன்று இரவு அம்மாவிடம் போனில் சொன்னேன். அம்மா கேட்ட முதல் கேள்வி: "ஏத்தா, அவுக வீட்டுக்குள்ள விடுவாகளா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அம்மா கேட்டது விளையாட்டுக்கு இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த கல்யாண வீடுகள் வேறு.

கல்யாணம் ராட்சபுரி மாகாணத்தில், பான் போங் என்ற ஊருக்குப் பக்கத்தில். ராட்சபுரி என்பது நம் ராஜபுரிதான், உச்சரிப்பில் திரிந்திருக்கிறது. பாங்காக்கிலிருந்து மேற்கே போகும் வழியில் தோழியின் தம்பி ஒரு ரயில் பாதையைக் காட்டி, "இங்கிருந்துதான் ஜப்பான்காரர்கள் பர்மாவுக்கு ரயில் பாதை போட்டார்கள்" என்றான். பான் போங்குக்கு அருகிலுள்ள நோங் பிளாடுக்கில்தான் அந்தச் சயாம் மரண ரயில் பாதை தொடங்குகிறது. 1942-43இல் மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழ்க் கூலிகளை இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களில் பெரும் பகுதி நம் சேரிகளிலிருந்து கப்பலேறிய குடும்பங்கள். காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். காஞ்சனபுரியில் வெள்ளைக்காரப் போர்க் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த வரிசை கிடையாது. நான் சிங்கப்பூர்த் தையல்காரர் தைத்த ரவிக்கையும் பட்டுச் சேலையுமாக அந்த மண்ணில் இறங்கினேன். எனக்கு முன்னால் இங்கே வந்த தமிழர்களை யாரும் கல்யாணத்துக்குக் கூப்பிடவில்லை.

விடிகாலையில் ஒன்பது பிக்குகள் வந்தார்கள். ஒன்பதுக்குத் தாய் மொழியில் சொல்லும் சொல்லும், அடி எடுத்து வைப்பதற்கான சொல்லும் ஒரே மாதிரி ஒலிக்கும், அதனால் அது நல்ல எண்ணாம். வெள்ளை நூல் ஒன்று புத்தர் சிலையிலிருந்து புறப்பட்டு ஒவ்வொரு பிக்குவின் கையையும் தொட்டுப் போனது. பாலியில் ஓதினார்கள். ஓதி முடித்ததும் அவர்களுக்கு உணவுத் தட்டுகளைக் கொடுக்க வேண்டும். தோழியின் அம்மா ஒரு பழத்தட்டை என் கையில் கொடுத்து, "நீயும் கொடு" என்று சைகை காட்டினார்.

நான் தட்டை நீட்டினேன். பிக்கு கையை நீட்டாமல், தரையில் ஒரு துணியை விரித்து, அதன்மேல் வைக்கச் சொன்னார்.

என் கை அப்படியே நின்றுவிட்டது. இந்தத் துணி எனக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கடையில் சில்லறையைக் கையில் வாங்காமல் பலகையில் வைக்கச் சொல்வார்கள். கூலியைத் துண்டில் போடுவார்கள். இவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஒரு கணம் நெஞ்சு அடித்துக்கொண்டது. அடுத்து மணப்பெண் தட்டை நீட்டினாள். அதே துணி. அவள் பாட்டி நீட்டினார். அதே துணி. ஆண்கள் கொடுத்தபோது மட்டும் பிக்குகள் கையால் வாங்கினார்கள்.

பெண்ணின் கையிலிருந்து பிக்கு நேராக எதையும் வாங்கக் கூடாது என்பது அங்கே விதி. சாதி இல்லை என்று தெரிந்ததும் எனக்கு மூச்சு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அப்படி மூச்சு வந்ததே வெட்கமாக இருந்தது. ஒரு விலக்கு சாதி விலக்கு இல்லை, வெறும் பெண் விலக்குதான் என்று நிம்மதி அடையும் இடத்தில் நம்மைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு மாப்பிள்ளை ஊர்வலம். "கான் மாக்" என்கிறார்கள். பாக்குக் கிண்ணம் என்று பொருள். வெற்றிலை பாக்குத் தட்டுகள், பலகாரம், முன்னால் வேரோடு பிடுங்கிய வாழைக் கன்றும் கரும்பும். நம் வீட்டு வாசலில் கட்டுகிற அதே வாழை, அதே கரும்பு. நீளமான முழவுகளை ஆண்கள் தோளில் தொங்கவிட்டு அடித்து வந்தார்கள். ஒருவர் "ஹோ..." என்று இழுத்துக் கத்த, மற்றவர்கள் கூட்டாகப் பதில் குரல் கொடுத்தார்கள். பாட்டிமார் கையை வளைத்து வளைத்து ஆடினார்கள். தெரு முழுக்க வீட்டுக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போக வேண்டும் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. நேர்வழி எதுவோ அதில் போனது.

எனக்கு அண்ணன் கல்யாணம் ஞாபகம் வந்தது. 2009. பேண்டு செட் வைத்திருந்தோம். கோயிலில் தாலி கட்டிவிட்டு வரும்போது ஊர்த் தெரு முனையில் நாலைந்து பேர் நின்றார்கள். கத்தவில்லை, அடிக்கவில்லை. "மேளத்த நிறுத்திட்டுப் போங்கப்பா" என்று சாதாரணமாகச் சொன்னார்கள். பேண்டு செட்காரர்கள் எங்களைக் கேட்காமலேயே நிறுத்தினார்கள். அவர்களுக்குப் பழக்கம்தான். அந்தத் தெருவின் இருநூறு அடியைச் செருப்புச் சத்தம் மட்டும் கேட்க நடந்து கடந்தோம். அண்ணி தலையைக் குனிந்தபடியே வந்தார். கல்யாணப் பெண் குனிந்துதானே நடப்பாள் என்று போட்டோவில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். சேரி எல்லை வந்ததும் மேளம் மறுபடி அடித்தது. அதற்கு யாரும் ஆடவில்லை.

அன்று நான் இளங்கலை மாணவி. இது எங்கள் ஊர்க்காரர்களின் கெட்ட குணம் என்று நினைத்துக்கொண்டேன். முதுகலையில் சமூகவியல் படித்தபோதுதான் ஜே.எச்.ஹட்டனின் நூலில் எங்கள் மாவட்டத்தைப் பார்த்தேன். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் அவர். சிவகங்கை மாவட்டம் 1985இல்தான் தனியாகப் பிரிந்தது, அதற்கு முன் நாங்கள் இராமநாதபுரம் மாவட்டம். அந்த இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் கள்ளர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததாக ஹட்டன் எழுதுகிறார். தங்கம், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் சட்டை போடக் கூடாது. பெண்கள் மேலாடை அணியக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். 1931 ஜூனில் அந்தத் தடைகள் பதினொன்றாயின. பிள்ளைகள் படிக்கக் கூடாது. காலை ஏழு முதல் மாலை ஆறு வரை உழைக்க வேண்டும், ஆணுக்கு நாலணா, பெண்ணுக்கு இரண்டணா. கடைசி இரண்டு தடைகளும் கல்யாணம் பற்றியவை. மேளம் வைக்கக் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் போகக் கூடாது, எந்த வாகனமும் கூடாது, ஊர்வலத்துக்குப் பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றி அதையே பல்லக்காக வைத்துக்கொள்ள வேண்டும்.

நூலகத்தில் அந்த வரியை இரண்டு முறை படித்தேன். கதவு எங்கள் வீட்டுக் கதவு, தூக்குகிற தோள் எங்கள் தோள். அதில்கூட எதன்மேல் உட்கார்ந்து போக வேண்டும் என்பதை அவர்கள்தான் முடிவு செய்தார்கள். தெரு முனையில் "மேளத்த நிறுத்திட்டுப் போங்கப்பா" என்று சொன்னவர்கள் ஹட்டனைப் படித்திருக்க மாட்டார்கள். படிக்கத் தேவையும் இல்லை. 78 வருடம் கழித்தும் பத்தாவது தடை அவர்கள் நாக்கிலேயே இருந்தது.

தெரு என்றால் சும்மா நடக்கிற இடம் என்று நினைக்காதீர்கள். எங்களுக்குப் பக்கத்தில் கண்டதேவியில் தேர்வடத்தை நம்மவர்களும் பிடிக்கலாமா என்பதற்காக எத்தனை வழக்கு, எத்தனை பேச்சுவார்த்தை. தேர் பல ஆண்டுகள் நிலையிலேயே நின்று, 2024 ஜூனில் பெரும் போலீஸ் காவலோடுதான் ஓடியது. சாமி போகும் தெருவுக்கும் மாப்பிள்ளை போகும் தெருவுக்கும் ஒரே கணக்குதான்.

ராட்சபுரி ஊர்வலம் வீட்டை அடைந்ததும் வழியை மறித்தார்கள். எனக்குத் திக்கென்றது. ஆனால் மறித்தவர்கள் சிறுமிகள். இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து வெள்ளி அரைக்கச்சையைக் குறுக்கே நீட்டி நின்றார்கள். அது வெள்ளி வாசல். அதைத் தாண்டினால் தங்கச் சங்கிலியை நீட்டியபடி இன்னும் இருவர். அது தங்க வாசல். மாப்பிள்ளை காசு வைத்த உறையைக் கொடுத்தால்தான் வழி. நம் பக்கம் ஆரத்தித் தட்டில் காசு போடச் சொல்லி வம்பு செய்வது போலத்தான். வழி மறிப்பதை ஒரு விளையாட்டாக என்னால் பார்க்க முடிந்தது அன்றுதான்.

மாப்பிள்ளைக்குப் பின்னால் நானும் அந்த முன்வாசல் வழியாகவே உள்ளே போனேன். அப்போதுதான் அம்மா கேட்டது உறைத்தது.

செட்டிநாட்டு வீடுகளை நீங்கள் படங்களில் பார்த்திருப்பீர்கள். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக நீளும். தூண்கள் பர்மாத் தேக்கு. அப்படியொரு பெரிய வீட்டில் கல்யாணம், விசேஷம் என்றால் அம்மா பாத்திரம் துலக்கப் போவார். பின்வாசல் வழியாகப் போய், பின்கட்டு முற்றத்தில் வேலை பார்த்து, பின்வாசல் வழியாகவே திரும்புவார். பள்ளி விடுமுறையில் நானும் கூடப் போவேன். ஒரு கல்யாணத்துக்கு இரண்டு வெள்ளைக்காரர்கள் வந்திருந்தார்கள். வீட்டைப் பார்க்க வந்த பயணிகள், கல்யாணம் என்றதும் அவர்களையும் அழைத்துவிட்டார்கள். சந்தனம் கொடுத்து, முகப்பிலிருந்து வளவு வரை கூட்டிப்போய், இலை போட்டு, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். பின்கட்டு நிலைப்படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "அங்கிட்டெல்லாம் போகக் கூடாது" என்றார். இருபது வருடமாக அந்த வீட்டுக்குப் போய்வந்த அம்மாவுக்கு வளவின் தரை என்ன நிறம் என்று தெரியாது. அன்று காலை வந்திறங்கியவர்களுக்குத் தெரியும்.

ராட்சபுரியில் அந்த வெள்ளைக்காரர்களின் இடத்தில் நான் இருந்தேன்.

வளவு போன்ற பெரிய கூடத்தில் மணமக்கள் தாழ்வான மணையில் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, கூப்பிய கைகளை முன்னால் நீட்டியிருந்தார்கள். இருவர் தலையிலும் வெள்ளை நூல் வளையம், இரண்டையும் ஒரே நூல் இணைத்திருந்தது. அந்த வளையத்துக்கு "மொங்கோன்" என்று பெயர், நம் மங்கலம்தான். விருந்தினர்கள் ஒவ்வொருவராகப் போய், சங்கில் இருக்கும் தண்ணீரை அவர்கள் கைகளில் ஊற்றி வாழ்த்த வேண்டும். சங்குக்கு அங்கேயும் "சங்" என்றுதான் பெயர். பிராமணச் சடங்கிலிருந்து வந்த வழக்கம் என்று அவர்களே சொன்னார்கள். சடங்கு கடல் கடந்து போயிருக்கிறது. யார் ஊற்றலாம், யார் ஊற்றக் கூடாது என்ற நம் ஊர்க் கணக்கு மட்டும் கூடப் போகவில்லை. அங்கே மணமக்களைவிட மூத்தவர்கள் ஊற்றலாம், அவ்வளவுதான். நான் நான்கு வயது மூத்தவள். "பீ" அல்லவா.

வரிசையில் என் முறை வந்தது. சங்கைக் கையில் கொடுத்தார்கள். கீழே நீட்டிய கைகள், மேலே நின்று ஊற்றுகிற நான். அந்த நிலையில் என்னால் சில விநாடிகள் அசைய முடியவில்லை. அந்தக் காட்சி எனக்கு நன்றாகத் தெரியும், நான் மட்டும் இடம் மாறியிருந்தேன். அந்தப் பெரிய வீட்டுப் பின்கட்டில் அம்மா தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் செம்பைக் கையில் கொடுக்க மாட்டார்கள். அம்மா குனிந்து இரண்டு கையையும் குவித்து நீட்டுவார், மேலிருந்து ஊற்றுவார்கள். செம்பு கையில் பட்டுவிடக் கூடாது என்று உயரத்தில் பிடிப்பார்கள். பாதித் தண்ணீர் முழங்கை வழியாக ஒழுகிச் சேலை நனையும். எனக்கும் அப்படித்தான் ஊற்றினார்கள். எட்டாவது படிக்கும்போது ஒரு நாள், தாகமில்லை என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அந்த வீட்டில் நான் தண்ணீர் கேட்டதே இல்லை.

ஒரு கை குவிந்திருக்க, இன்னொரு கை மேலிருந்து ஊற்றுகிறது. எங்கள் ஊரில் அது தொடக் கூடாது என்பதற்காக, ராட்சபுரியில் வாழ்த்துவதற்காக. பின்னால் நின்ற பாட்டி என் முதுகில் மெல்லத் தட்டினார். ஊற்றினேன். தோழி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இந்தியாக்காரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டாள் என்று எல்லோரும் என்னைத் தேற்றினார்கள்.

மூன்று வருடம் கழித்து, 2022 டிசம்பரில், பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரியவந்தபோது, எனக்கு முதலில் அந்தச் சங்குதான் ஞாபகம் வந்தது. 1927இல் மகத் சவுதார் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்ததற்கு ஏன் ஒரு போராட்டம் தேவைப்பட்டது என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் தேதிகளைச் சொல்வதில்லை. இரண்டு கையையும் குவித்துக் காட்டச் சொல்வேன்.

இதோடு நிறுத்தியிருந்தால் தாய்லாந்தைப் புகழ்ந்து நான் எழுதிய கட்டுரையாக இது முடிந்திருக்கும். ஆனால் விருந்து முடிந்ததும் கை கழுவப் பின்பக்கம் போனேன். ராட்சபுரியில் தண்ணீர் ஜாடிகள் பேர் பெற்றவை. இடுப்பளவு உயரம், மேலே டிராகன் உருவம். அப்படி நாலு ஜாடிகளுக்கு நடுவே ஐந்து பெண்கள் குத்தவைத்துப் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார்கள். கன்னத்தில் தனகாப் பூச்சு. பர்மாவிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒருத்தியின் பக்கத்தில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை, கூடத்துப் பாட்டுச் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழியின் தம்பியிடம், "இவர்கள் தண்ணீர் ஊற்றினார்களா?" என்று கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. பிறகு இயல்பாகச் சொன்னான்: "இவர்கள் வேலைக்கு வந்தவர்கள்."

கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. என் அம்மாவைப் பற்றியும் யாரும் கெட்ட எண்ணத்தோடு சொன்னதில்லை. "வேலைக்கு வந்தவுக" என்றுதான் சொல்வார்கள். லட்சக்கணக்கான பர்மியத் தொழிலாளர்களின் உழைப்பில் ஓடுகிற நாடு அது. கடல் மீன் முதல் கட்டடம் வரை அவர்கள் கைதான். மூன்று வாரம் அவர்களைப் பற்றித்தான் பயிற்சியில் படித்தோம், நானும் அந்த மணப்பெண்ணும் சேர்ந்து. பயிற்சி வேறு, வீட்டுப் பின்கட்டு வேறு. இது தீண்டாமை இல்லை, அவர்கள் தொட்ட பாத்திரத்தில்தான் எல்லோரும் சாப்பிட்டார்கள். ஆனால் யாருடைய கல்யாணமும் யாரோ ஒருவரைப் பின்வாசலில் உட்கார வைத்துத்தான் நடக்கிறது. நான் செய்தது ஒன்றுதான். பாட்டு முடியும்வரை அவர்களோடு உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்தேன். அதனால் எதுவும் மாறிவிடவில்லை. கூடத்திலிருந்து வந்து, "நீங்கள் விருந்தாளி, இதெல்லாம் செய்யக் கூடாது" என்று என்னை எழுப்பிக் கூட்டிப் போனார்கள்.

ஊர் திரும்பினேன். படங்களையெல்லாம் அம்மா பார்த்தார். "உள்ள விட்டாகளா?" என்றார். "விட்டாகம்மா. தண்ணி ஊத்தி வாழ்த்தச் சொன்னாக." அம்மா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "நீ யாருன்னு சொன்னியா?"

சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லை என்பது உண்மை. நானும் சொல்லவில்லை என்பதும் உண்மை.

தம்பி, உனக்கு இதைத்தான் சொல்ல நினைத்தேன். எனக்கு அங்கே கிடைத்த மரியாதை, விலாசம் இல்லாத ஒருத்திக்குக் கிடைத்த மரியாதை. இந்தியா என்று மட்டும் சொல்லி, மீதியை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டதற்குக் கிடைத்தது. ஒரு நாள் அது இனிக்கும். வாழ்நாள் முழுக்க அப்படி இருப்பது என்றால் ஒவ்வொரு நாளும் மூன்றாவது கேள்விக்குப் பயந்துகொண்டே இருப்பது. அங்கேயும் நம்மூர்க்காரன் ஒருவன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தால், "இந்தியாவுல எங்க?" என்று ஆரம்பிப்பான். வெளிநாடு போ. படி, சம்பாதி, நாலு கல்யாணத்துக்குப் போ. அதையெல்லாம் தடுத்த மண்தான் இது, கட்டாயம் போ. ஆனால் அங்கே கிடைப்பதை விடுதலை என்று நினைத்துவிடாதே. யார் என்று தெரியாததால் தருவது விருந்து உபசாரம். யார் என்று தெரிந்த பிறகும் முன்வாசல் திறந்திருந்தால் அதற்குப் பெயர்தான் சமத்துவம்.

தோழியிடம் பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசினோம். எங்கள் ஊருக்கு ஒரு நாள் வருகிறேன் என்றாள். வந்தால் ஊர்த் தெருவில் அவளுக்கு நாற்காலி போடுவார்கள், யார் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று தெரியும்வரை.

போன தை மாதம் சித்தி மகளுக்குக் கல்யாணம். மேளம் வைத்து ஊர்த் தெரு வழியாகத்தான் போவது என்று முன்கூட்டியே முடிவு செய்தோம். இதைச் செய்ய நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் வந்த திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 3(1)(இசட்.ஏ) பிரிவு, பட்டியல் சாதியினரின் கல்யாண ஊர்வலத்தைத் தடுப்பதையும், ஊர்வலத்தில் குதிரையிலோ வாகனத்திலோ போவதைத் தடுப்பதையும் பெயர் சொல்லிக் குற்றமாக்குகிறது. 1931இன் பத்தாவது, பதினோராவது தடைகளுக்கு நாடாளுமன்றம் பதில் எழுத 84 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. பத்திரிகை அடிக்கும்போதே ஊர்வலப் பாதையை எழுதி, காவல் நிலையத்துக்கும் மாவட்டக் கண்காணிப்பாளருக்கும் மனு கொடுத்துவிடுங்கள். பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்குங்கள். கடமையை வேண்டுமென்றே செய்யாத அதிகாரிக்கும் நாலாவது பிரிவில் தண்டனை உண்டு என்பதை மரியாதையாக நினைவூட்டுங்கள். "எதுக்கும்மா பிரச்சனை, பின் தெரு வழியா போயிடலாமே" என்பார்கள். எங்களிடமும் சொன்னார்கள். பின் தெருவை எங்கள் அம்மாமார் நடந்து தீர்த்துவிட்டார்கள் என்று சொன்னோம்.

இரண்டு போலீஸ்காரர்கள் வந்தார்கள். மேளம் நிற்கவில்லை. ஊர்த் தெருவில் பெரும்பாலான கதவுகள் சாத்தியிருந்தன. ஒரு மாடியிலிருந்து இரண்டு பிள்ளைகள் கைபேசியில் படம் எடுத்தார்கள். எதற்காக எடுத்தார்கள் என்று தெரியாது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார், கை நடுங்கிக்கொண்டே இருந்தது. தெருவைத் தாண்டியதும் அம்மா ஓரத்தில் நின்று, இடுப்பில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அண்ணாந்து குடித்தார். பிறகு மீதியை என்னிடம் நீட்டினார்.